வெளிநாட்டு உதவியும் நமது கடமையும்

ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிய 2004-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி கழிந்து இருபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. அந்தத் துக்கத்தை நினைவுகூர்ந்து கடற்கரையில் மலர் தூவுகிற வழக்கம் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது, அது தகும். ஆனால் அன்று கற்ற பாடத்தை ஓர் ஏற்பாடாக்கி வைக்கும் வழக்கம் மட்டும் இன்னும் நிலைபெறவில்லை. உலகத்தின் பல திக்குகளிலிருந்தும் உதவி ஸ்தாபனங்கள் வந்து குவிந்தால், அவற்றையெல்லாம் ஒரே திட்டத்தின்கீழ் ஒன்றுசேர்த்து வேலை நடத்துவது யார், எப்படி என்பதே அந்தப் பாடம். அன்னிய உதவி வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுகிறவர்கள் நம்மிலே அநேகர் உண்டு. உதவுவோர் கூடும் சபைக்குத் தலைமை வகிப்பவர் யார் என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரே. நம் அபிப்பிராயத்தில் இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

நாகப்பட்டினத்தில் நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் அப்பேரலைக்கு இரையான சுமார் 8,000 பேரில் 6,000-க்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான ஸ்தாபனங்கள் அங்கே வந்து இறங்கின. வந்தவர்களுடைய இரக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் நடந்ததென்ன? பழந்துணி மூட்டைகள் எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவியல் குவியலாய்க் கிடந்து மண்ணோடு மண்ணாயின. சாலையை ஒட்டிய குப்பங்களில் அரிசி மிஞ்சியது. ஒதுக்கமான குப்பங்கள் காத்துக் கிடந்தன. ஒருவர் எழுதிக்கொண்டு போன குடும்பத்தின் பெயரையே மற்றொருவரும் வந்து எழுதிக்கொண்டு போனார். படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிற தர்மமாகையால் பலரும் கண்ணாடியிழைப் படகுகளையே கொடுத்தார்கள். அலைக்கு முன்பிருந்த படகுகளைவிட அலைக்குப் பின்வந்த படகுகள் சில ஊர்களில் அதிகமாயின. கடலில் மீன் அதிகமாகவில்லை! படகே இல்லாமல் பங்குக்கோ கூலிக்கோ கடலுக்குப் போனவன், மீன்கூடை சுமந்து விற்ற பெண், கழியிலே இறால் பிடித்துப் பிழைத்த இருளர், உப்பளத்திலும் வயலிலும் உழைத்த தலித் ஜனங்கள் ஆகிய இவர்களுக்கு இழந்த சொத்து என்று காட்ட ஒரு ரசீது இல்லை. ஆகையால் பட்டியலில் அவர்கள் கடைசியாயினர். சில பட்டியல்களில் அவர்கள் இடம்பெறவே இல்லை.

இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு வழியும் அங்கேயே பிறந்தது. 2005-ஆம் வருஷம் ஜனவரி மாதத் தொடக்கத்திலேயே, கடலோர ஜனங்களிடையே வெகுகாலமாக வேலை செய்துவந்த ஸ்நேகா, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் முதலிய ஸ்தாபனங்கள் முன்னின்று, கலெக்டர் கச்சேரியிலேயே ஓர் ஒருங்கிணைப்பு நிலையத்தை ஏற்படுத்தின. எந்த ஊரில் யார் வேலை செய்கிறார்கள், அங்கே என்ன வந்து சேர்ந்தது, என்ன வரவில்லை என்ற கணக்கு தினந்தோறும் அங்கே எழுதப்பட்டது. குடியிருப்பு, சுகாதாரம், ஜீவனோபாயம் என்று துறைவாரியாகக் கூட்டங்கள் கூடின. வந்திறங்கிய ஸ்தாபனங்கள் ஒருவரையொருவர் முதன்முதலாக அறிந்துகொண்டது அங்கேதான். ராஜ்ய ஸர்க்காரும் அந்த ஜனவரி 13-ஆம் தேதியே 25-ஆம் நம்பர் உத்தரவைப் பிறப்பித்து, வீடு கட்ட முன்வரும் ஸ்தாபனங்கள் ஜில்லா கலெக்டரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட ஊரில் வேலை செய்யவேண்டுமென்று விதித்தது. இவற்றில் குறைகள் இல்லாமற் போகவில்லை. கட்டி முடிக்கத் தாமதமானது. ஜனங்களைக் கேளாமலே வரைந்த வீடுகளும் இருந்தன. ஆயினும் இரக்கத்துக்கு ஒரு நிர்வாகம் வேண்டும் என்ற உண்மையை நாகை நமக்கு நிரூபித்துக் காட்டியது.

இனி, நம் முத்துக் கரையின் விஷயத்துக்கு வருவோம். இலங்கைத் தீவு கிழக்கே அரணாக நின்றமையால் மன்னார் வளைகுடாவின் இக்கரையில் அன்று மாண்டவர்களின் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதாக இருந்தது. அது கடவுள் செயல். ஆனால் படகும் வலையும் இயந்திரமும் சேதப்பட்டு, அலைக்கு அஞ்சிக் கடலுக்குப் போகாமலும், பிடித்த மீனை வாங்குவாரில்லாமலும் ஜனங்கள் பட்ட கஷ்டம் இங்கும் உண்டு. பிணத்தின் தொகையைக் கொண்டு உதவியை அளந்தால் பட்டினி கணக்கில் வராது. இது நம் கரைக்கு மட்டும் உரிய முறையீடன்று. ஆழிப்பேரலை நிவாரணத்தை ஆராய நாற்பதுக்கு மேற்பட்ட சர்வதேச ஸ்தாபனங்கள் கூடி 2006-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கை இதைத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறது. உலகமெங்கும் அதற்காகத் திரண்ட தொகை ஏறக்குறைய 1,350 கோடி டாலர். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவர் தலைக்கும் அது சுமார் 7,100 டாலராயிற்று. அதே 2004-ஆம் வருஷத்தில் வங்காள தேசத்து வெள்ளத்தில் தத்தளித்தவர்களுக்குத் தலைக்குச் செலவானதோ மூன்றே டாலர்! பசி இரண்டிடத்திலும் ஒன்றே. பத்திரிகைகளிலும் திரைகளிலும் தோன்றிய காட்சிதான் வேறு. கொடுப்பவர்கள் தத்தம் மனம் போனபடி கொடுக்கும்வரையில் தர்மம் காட்சியைத்தான் பின்தொடரும், தேவையைப் பின்தொடராது.

ஆகவே உதவுவோர் ஒன்றுகூட வேண்டுமென்பதில் இருவேறு அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் ஒன்றுகூடுதல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. கொடுப்பவர்கள் தங்களுக்குள் கூடிக்கொண்டு, வாங்குகிறவனுக்கு ஒரே குரலில் நிபந்தனை சொல்லுவது ஒன்று. வாங்குகிற தேசம் தன் வீட்டில் சபையைக் கூட்டி, கொடுப்பவர்களை அங்கே வரவழைத்து, வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது மற்றொன்று. நம் தேசம் முதலாவதன் சுவையை அறியும். 1958-ஆம் வருஷத்தில் உலக பாங்கியின் தலைமையில் நமக்குக் கடன் கொடுக்கும் நாடுகள் ஒரு கூட்டுச் சபை அமைத்தன. பணம் வந்தது, உண்மையே. ஆனால் எட்டு வருஷங்களுக்குப் பின், பஞ்சமும் யுத்தச் செலவும் நம்மை நெருக்கிய வேளையில், ரூபாயின் மதிப்பைக் குறைத்தாலொழிய உதவி தாராளமாக வராதென்ற நிர்ப்பந்தம் அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. 1966-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் டாலருக்கு 4 ரூபாய் 76 பைசாவாக இருந்தது 7 ரூபாய் 50 பைசாவாயிற்று. அம்முடிவு பொருளாதார ரீதியில் சரியா தவறா என்பது வேறு வாதம். கடன் கொடுத்தோர் கூடினால் அவர்கள் பலம் ஒன்றுக்குப் பத்தாகிறது. கடன் வாங்கினவன் தனியே நின்றால் அவன் பலம் பத்தில் ஒன்றாகிறது என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

நம் கரையின் பழைய முத்துக் குளிப்பிலும் இதே நீதி அடங்கியிருக்கிறது. தூத்துக்குடியில் 1961-ஆம் வருஷம் வரையில் நடந்த அந்தக் குளிப்பில் ஒழுங்குக்குக் குறைவே இல்லை. முன்கூட்டியே பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததா என்று பார்த்து, நாள் குறித்து அறிவிப்பார்கள். பல ஊர்ப் படகுகளும் அதிகாரியின் சமிக்ஞை பெற்று ஒருமிக்கப் புறப்படும். கரைக்கு வந்த சிப்பி பலர் முன்னிலையில் குவிக்கப்பட்டுப் பங்கிடப்படும். ஒருவர் பாரில் மற்றொருவர் மூழ்குவதில்லை. ஒரே பாரை நூறு பேர் அழிப்பதுமில்லை. இத்தனை ஒழுங்கும் யாருக்கு? போர்த்துகேசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்து இக்கரையில் கொடி நாட்டியவர்களுக்குப் பெரும்பங்கு. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்குச் சிறுபங்கு. சோதனை முன்னே, வேலை பின்னே, பங்கீடு பகிரங்கமாக என்ற அந்த முறையை நாம் எடுத்துக்கொள்வோம். அதிகாரத்தை மட்டும் மூழ்குகிறவன் பக்கம் மாற்றிவைப்போம்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்போருக்கு, அதே பேரலை அடித்த இரண்டு அண்டை நாடுகள் விடை சொல்லுகின்றன. இந்தோனேசியாவில் ஆச்சே மாகாணம் பட்ட சேதம் நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிது. அத்தேசத்து ஸர்க்கார் 2005-ஆம் வருஷம் ஏப்ரலில் புனர்நிர்மாணத்துக்கென்று தனி ஸ்தாபனம் ஒன்றை நிறுவி, குந்தோரோ மங்குசுப்ரோதோ என்பவரைத் தலைவராக்கி, அவருடைய காரியாலயத்தைத் தலைநகரில் வையாமல் ஆச்சேயிலேயே வைத்தது. எந்த நாட்டு ஸ்தாபனமாயினும் தன் திட்டத்தை அங்கே சமர்ப்பித்து அங்கீகாரம் பெறவேண்டும். யார் எங்கே எவ்வளவு செலவிடுகிறார் என்ற விவரம் ஒரே இடத்தில் பதிவாயிற்று. நான்கு வருஷங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழும்பின. 2009-ஆம் வருஷம் ஏப்ரலில், சொன்ன தவணையில், அந்த ஸ்தாபனம் தன்னைக் கலைத்துக்கொண்டது. உத்தியோகஸ்தர்கள் பதவியை விட்டு எழுந்திருப்பதும் ஒரு தர்மமே என்பதை நம்மவர்கள் கவனிப்பார்களாக!

மற்றொரு விடை இலங்கையிலிருந்து வருகிறது. அதை எழுதக் கை கூசுகிறது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை அந்தத் தீவு பறிகொடுத்தது. வடக்கிலும் கிழக்கிலும் நம் இனத்தவர் வாழ்ந்த கரைகளுக்கு நிவாரணம் தடையின்றிப் போய்ச் சேர, ஸர்க்காரும் விடுதலைப் புலிகளும் 2005-ஆம் வருஷம் ஜூன் 24-ஆம் தேதி ஒரு கூட்டு நிர்வாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அடுத்த ஜூலை 15-ஆம் தேதி அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு அதன் முக்கியமான ஷரத்துக்களை நிறுத்திவைத்தது. ஒப்பந்தம் ஏட்டோடு நின்றது. உதவி தரும் நாடுகள் பணத்தோடு காத்திருந்தன. கூடி வாங்கிப் பங்கிட ஒரு சபை அமையவில்லை. மறு வருஷம் யுத்தம் மீண்டும் மூண்டது. வாங்குகிறவர்கள் ஒன்றுபடாத இடத்தில் கொடுக்கிறவர்கள் ஒன்றுபட்டும் பயனில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இந்த யோசனைக்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களை நாம் அறிவோம். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்பார் சிலர். பார்க்கத்தான் வேண்டும் என்போம் நாம். அந்த மாட்டுக்குத் தீனி போடுகிறவன் வாங்கினவன். தரம் குறைந்த படகில் ஏறிக் கடலுக்குப் போகிறவன் நன்கொடையாளரல்லர், நம் மீனவன். வேறு சிலர், ஒருங்கிணைப்பு என்பது ஸர்க்கார் பைல்களுக்கு மற்றொரு பெயர் என்றும், உத்தரவு வருமுன் உயிர் போய்விடும் என்றும் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமே. முதல் மூன்று நாள் எவருடைய அனுமதிக்கும் எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை. கை நீட்டினவன் கையைப் பிடித்துக் கரையேற்ற ரிஜிஸ்தர் எதற்கு? நான்காம் நாள் முதல் கணக்கு வேண்டும். இன்னும் சிலர், ஆளும் கட்சி தன் ஆட்களுக்கே எல்லாவற்றையும் திருப்பிவிடும் என்கிறார்கள். அதற்கு மருந்து சபையைக் கலைப்பதன்று. சபையின் கதவைத் திறந்துவைத்து, பட்டியலை ஊர்ச் சாவடியிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டிவிடுவதே. பெயர் விட்டுப் போனவன் தானே வந்து கேட்பான்.

இங்கே ஒரு சட்டப் பிரச்னையும் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் 2010-ஆம் வருஷத்துச் சட்டம் 2020-ஆம் வருஷம் செப்டம்பரில் திருத்தப்பட்டது. அதற்கு முன்பெல்லாம், வெளிநாட்டுப் பணம் பெற்ற ஒரு பெரிய ஸ்தாபனம், அதே சட்டத்தின்கீழ்ப் பதிவாகிக் கிராமத்தோடு ஒட்டி வேலை செய்யும் ஒரு சிறிய சங்கத்துக்கு அதில் ஒரு பகுதியை மாற்றிக் கொடுக்கலாம். திருத்தத்துக்குப் பின் அது அறவே கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் நூற்றுக்கு 50-லிருந்து 20-ஆகக் குறைந்தது. பணம் டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கியின் ஒரு கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து விழவேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறுவது எவருக்கும் தனிப்பட்ட உரிமையாகாது என்று 2022-ஆம் வருஷம் ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் இத்திருத்தத்தை ஊர்ஜிதம் செய்தது.

அன்னியப் பணத்தின்மீது ராஜாங்கம் கண்ணோட்டம் வைப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. சுதந்திரத்தின் அருமை அறிந்த எவரும் ஆட்சேபிக்கமாட்டார். ஆனால் இச்சட்டத்தின் விளைவை நோக்குங்கள். கூட்டு வேலை என்பது என்ன? பணமுள்ளவனும் பழக்கமுள்ளவனும் சேர்வதே. சென்னையிலோ டில்லியிலோ உள்ள பெரிய ஸ்தாபனத்துக்குக் கணக்கெழுதத் தெரியும். புன்னைக்காயலில் எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று தெரியாது. அதை அறிந்த சங்கத்துக்கோ வெளிநாட்டாரோடு கடிதம் எழுதும் வசதி இல்லை. இருவரையும் இணைத்த பாலத்தைச் சட்டம் எடுத்துவிட்டது. பெரியவர் தாமே கிராமத்துக்கு வந்து நேரே செய்யவேண்டும்; அல்லது பணம் பெட்டியில் தூங்கவேண்டும். நிர்வாகச் செலவை ஒடுக்கியதனால், நாகையில் செய்ததுபோல் கணக்கெடுத்துக் கூட்டம் கூட்டும் வேலைக்கும் பணம் அரிதாகிறது. அந்த வேலை முழுவதும் நிர்வாகச் செலவல்லவா? கள்வனுக்காகப் பூட்டிய பூட்டு வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டது.

எங்கோ நடந்ததைக் கொண்டு இதைப் பேசவேண்டிய அவசியமில்லை. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த வட்டாரம் மறந்திருக்க முடியாது. சாகுபுரத்தை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருஷத்து மழை ஒரு பகலிரவில்! தாமிரபருணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பாதை அரித்துக்கொண்டு போக, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டியில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் சிக்கினர். அவர்களுக்கு முதலில் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் அண்டைக் கிராமத்து ஏழை ஜனங்கள். கடலோரத்து மீனவர்கள் தங்கள் படகுகளை உள்நாட்டுத் தெருக்களுக்குக் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களை மீட்டார்கள். 2004-ல் உதவி பெற்றவன் 2023-ல் உதவி செய்பவனானான். இதைவிட உயர்ந்த ஸ்தாபனம் எந்த நாட்டிலிருந்து வரமுடியும்?

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு என்ன கண்டோம்? சாகுபுரத்து இரசாயன ஆலையைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் எத்தனை விதமான ஜனங்கள், எத்தனை விதமான நஷ்டம்! ஆறுமுகநேரியிலே குவித்துவைத்த உப்பு கரைந்தோட, அளத்துக் கூலிகள் பாத்திகளைத் திருத்தும்வரை வேலையற்று நின்றார்கள். ஆத்தூரிலே வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நீரில் அழுகின. காயல்பட்டினத்திலே வீடுகளும் கடைகளும் மூழ்கின. புன்னைக்காயலிலே ஆற்று வெள்ளம் கடலோடு சேருமிடத்தில் மீனவர் குடியிருப்பு தவித்தது. உதவியும் பல வழிகளில் வந்தது. ஸர்க்கார் ரொக்கம் ஒரு வழி. காயல்பட்டினத்தார் கடல் கடந்த நாடுகளில் நடத்தும் நற்பணி மன்றங்கள் ஒரு வழி. மறைமாவட்டத்துச் சமூக சேவைகள் ஒரு வழி. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி ஒரு வழி. தர்ம ஸ்தாபனங்கள் ஒரு வழி. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த சமூகத்துக்கு மனமார உதவினார்கள். இவ்வழிகள் சந்திக்க ஒரு சபை இல்லாமையால், எவருக்கும் தெரியாதவனுக்கு எந்த வழியும் திறக்கவில்லை. அளத்துக் கூலிக்கு ஜமாஅத்தும் இல்லை, பங்குச் சாமியாரும் இல்லை, பட்டாவும் இல்லை.

இதற்குப் பரிகாரம் தேடிப் புதிய சட்டம் இயற்றவேண்டுவதில்லை. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டப்படி ஒவ்வொரு ஜில்லாவிலும் கலெக்டர் தலைமையில் ஓர் அதிகார சபை உண்டு. ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஜில்லா ஸ்தல ஸ்தாபனத்தின் பிரதிநிதி அதில் இணைத்தலைவர். அச்சட்டத்தின் 28-வது பிரிவு, ஆலோசனைக் கமிட்டிகளை நியமிக்க அந்தச் சபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தூத்துக்குடி ஜில்லாவில் அந்தப் பிரிவின்கீழ் ஒரு நிரந்தரக் கமிட்டி அமையட்டும். மீனவர் ஊர்க் கமிட்டிகள், உப்பளத் தொழிலாளர் சங்கங்கள், விவசாயிகள், மீன் விற்கும் பெண்கள், ஜமாஅத்துக்கள், திருச்சபைகள், ஆலை நிர்வாகங்கள், உள்நாட்டு வெளிநாட்டு உதவி ஸ்தாபனங்கள் ஆகிய எல்லோருடைய பிரதிநிதிகளும் அதில் அமரட்டும். ஆபத்து வருமுன்பே அது கூடவேண்டும். ஒவ்வொரு வருஷமும் வடகிழக்குப் பருவத்துக்கு முன் ஒருமுறையாவது கூடவேண்டும்.

அக்கமிட்டிக்கு நான்கு வேலைகள் போதும். ஊர்தோறும் ஒரே கணக்கெடுப்பு. அதில் சொத்து இழந்தவனோடு வேலை இழந்தவனும் சேரவேண்டும். அக்கணக்கின்படி ஒரே பங்கீடு. எந்த ஸ்தாபனத்துக்கு எந்த ஊர், எந்த வேலை என்று வகுத்துவிட வேண்டும். வீட்டுக்கும் படகுக்கும் ஒரே தரம். அடுத்தடுத்த தெருக்களில் ஒருவனுக்கு மாளிகையும் மற்றொருவனுக்குத் தகரக் கொட்டகையும் என்ற பேதம் ஊரைப் பிளக்கும். கடைசியாக, யார் என்ன கொடுத்தார், யார் என்ன பெற்றார் என்பதைத் தமிழில் அச்சிட்டு வெளியிடுதல். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நாம் அனுப்பிய அங்கத்தினர்கள் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யட்டும். பேரிடர் என்று அறிவிக்கப்பட்ட ஜில்லாக்களில், இத்தகைய கமிட்டியின் ரிஜிஸ்தரில் கண்ட சங்கங்களுக்கு, கணக்கைப் பகிரங்கப்படுத்தும் நிபந்தனையின் பேரில், வெளிநாட்டு நன்கொடையைப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று 2020-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்கு ஒரு விலக்குக் கேட்கட்டும்.

காலம் தாழ்த்த இது சமயமன்று. உலகத்தில் தர்ம நிதியின் ஊற்று சுருங்கி வருகிறது. அமெரிக்கா அறுபது வருஷங்களுக்கு மேல் நடத்திவந்த சர்வதேச உதவி ஸ்தாபனம் 2025-ஆம் வருஷம் ஜூலையோடு தனி ஸ்தாபனமாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. ஐரோப்பிய நாடுகளும் தங்கள் கையைக் குறுக்கிக்கொள்கின்றன. பணம் பெருகியிருந்த காலத்தில் வீணானதை உலகம் பொறுத்தது. இனிப் பொறுக்காது. கடலோ குளிர்வதாயில்லை, மழையோ சொல்லிக்கொண்டு வருவதாயில்லை.

1906-ஆம் வருஷத்தில் இந்தத் தூத்துக்குடியில் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபொழுது, வெளியாரிடமும் பங்கு சேர்த்தார். பம்பாய் வரை சென்று பணம் திரட்டினார். பணம் எங்கிருந்து வந்தாலும் கப்பலின் திசையைத் தீர்மானித்தது இந்தக் கரை. அதுவே நாம் வேண்டும் முறை. தேசத் தொண்டர்களே! அடுத்த வெள்ளத்துக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டத் தயாராயிருப்பது போதாது. உங்கள் ஊரில் கூலிக்கு உழைப்பவர் எத்தனை பேர், படகின்றிக் கடலுக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று இன்றே எழுதத் தொடங்குங்கள். அந்தக் கணக்கு நம் கையிலிருந்தால், எத்தனை நாட்டார் வந்தாலும் சபை நம்முடையதாகவே இருக்கும்.